ஒரு தோட்டாவில் ஒன்பது குண்டுகள்

1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள். முதல் உலகப் போர் முடிவதற்கு எட்டு வாரங்கள்கூட இல்லாத நேரம். ஜெர்மன் அரசு அமெரிக்காவுக்கு ஓர் ஆட்சேபக் குறிப்பை அனுப்பியது. ஆட்சேபம் நச்சுப்புகையைப் பற்றியது அல்ல. பறவை வேட்டைக்குப் பயன்பட்டு வந்த ஒரு துப்பாக்கியைப் பற்றியது! அந்தத் துப்பாக்கியுடனோ அதன் தோட்டாவுடனோ பிடிபடும் அமெரிக்க வீரனின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அக்குறிப்பு எச்சரித்தது. ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கிதான் அது. அதில் அப்படி என்ன இருக்கிறது?

வழவழப்பான குழல்

ரைபிளின் குழலுக்குள் சுருள் வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டு தடுமாறாமல் நெடுந்தூரம் நேராகச் செல்கிறது. ரவைத் துப்பாக்கியின் குழலோ உட்புறம் வழவழப்பானது. அதிலிருந்து ஒரே சமயத்தில் பல உருண்டைகள் வெளிப்படுகின்றன.

குழலின் அளவைக் குறிக்கும் முறையும் விந்தையானது. ‘12 போர்’ என்கிறார்களே, அது அங்குலக் கணக்கு அன்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை பொருந்தும் குழல் என்பதே பொருள். அதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

இராணுவம் தேர்ந்தெடுத்த தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்பது ஈய உருண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் எடையும் சுமார் மூன்றரை கிராம். அவை வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. ஓர் உருண்டையின் இயக்க ஆற்றல் சுமார் 280 ஜூல்; அதாவது ஒரு கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பானது. விசையை ஒருமுறை இழுத்தால் இத்தகைய ஒன்பது குண்டுகள் பாய்கின்றன!

ஏன் தூரம் போவதில்லை?

ஒரு கைப்பிடி மணலையும் ஒரு கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் வீசிப் பாருங்கள். மணல் சற்றுத் தொலைவிலேயே விழுந்துவிடும். உருண்டையின் விட்டம் பாதியானால் அதன் குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. எடையோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே காற்றின் தடை சிறிய உருண்டையை விரைவில் களைப்படையச் செய்கிறது.

அதோடு உருண்டைகள் போகப் போக ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. முனை குறுகாத குழலில், பத்து மீட்டர் தொலைவில் அவை ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கும், நாற்பது மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கும் விரியும். அதற்கும் அப்பால் ஒன்றிரண்டு உருண்டைகள் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மிக அருகில் சுட்டாலோ ஒன்பதும் கூட்டமாகவே பாய்ந்து ஒரே இடத்தைச் சிதைக்கின்றன. சற்றுத் தள்ளிச் சுட்டால் ஒன்பது தனித்தனித் துளைகள். ஒவ்வொன்றையும் மருத்துவர் தேடிச் சிகிச்சை செய்ய வேண்டும்.

அகழிக்கு வந்த ஆயுதம்

திறந்த வெளியில் இது பெருங்குறை. ஆனால் முதல் உலகப் போரின் அகழிகளில் எதிரி சில மீட்டர் தொலைவிலேயே எதிர்ப்பட்டான். இருட்டில் குறிபார்க்கவும் நேரமில்லை. எனவே ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 என்னும் துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் மாற்றியமைத்தது. குழலைச் சுமார் 51 சென்டிமீட்டராகக் குறுக்கினார்கள். சூடேறிய குழல் கையைச் சுடாதிருக்கத் துளைகளிட்ட எஃகு உறையை மேலே பொருத்தினார்கள். முனையில் பயனெட் மாட்டவும் வழி செய்தார்கள். காகித உறையுள்ள தோட்டாக்கள் அகழியின் ஈரத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழைய மறுத்ததால், பித்தளை உறையுள்ளவை தயாராயின.

சட்டம் என்ன சொல்கிறது?

1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதங்களைத் தடை செய்கின்றன. ஜெர்மனி சுட்டிக்காட்டியது இதைத்தான். போரில் ஏற்கப்பட்ட மற்ற ஆயுதங்களோடு ஒப்பிட்டால் இந்த ஆட்சேபம் நியாயமற்றது என்று அமெரிக்கா பதிலுரைத்தது. வீரர்களைக் கொன்றால் பதிலடி உண்டு என்றும் எச்சரித்தது. நவம்பர் 11-இல் போர் ஓய்ந்தது. வழக்கும் அத்துடன் நின்றது. 1915-இல் குளோரின் வாயுவைப் பெருமளவில் ஏவிய நாடே ரவைக்கு ஆட்சேபம் தெரிவித்ததும் வரலாற்றின் முரண்களில் ஒன்று.

ஆனால் கேள்வி மடியவில்லை. மனிதனைக் கொல்லாமல் கூட்டத்தைக் கலைக்கலாம் என்று கருதி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரவைகளை நூற்றுக்கணக்கில் அடைத்த தோட்டாக்கள் கையாளப்பட்டன. 2016-இல் காஷ்மீரில் இவற்றால் நூற்றுக்கணக்கானோரின் கண்கள் காயமுற்றன. பலர் பார்வையை இழந்தனர். காரணம் எளிது. தோலும் தசையும் தாங்கிவிடும் சிறு ரவையைக் கண் தாங்காது. சிதறிச் செல்லும் ரவைக்கு, கல் எறிபவன் யார், சன்னலோரம் நிற்கும் சிறுமி யார் என்று தெரியாது.

அதே சிதறல் வேறோர் இடத்தில் பயன்படவும் கூடும். 2022-இல் உக்ரைனில் மூண்ட முழு அளவிலான போரில், தாழப் பறந்துவரும் சிறு டிரோன்களை வீழ்த்த வீரர்கள் ரவைத் துப்பாக்கியை ஏந்தினர். வேகமாய்ப் பறக்கும் சிறு பொருளை ஒற்றைக் குண்டால் அடிப்பது அரிது. விரிந்து வரும் ரவைக் கூட்டத்துக்கு அது எளிது. பறவைக்காகப் பிறந்த ஆயுதம் மீண்டும் வானத்தை நோக்கியது!

ரவை எங்கே பாயும் என்பதைக் குழலும் காற்றும் தீர்மானிக்கின்றன. அதை யார்மீது திருப்பலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மனிதர்களே.