மண்ணீரல் வீக்கமும் நோய் நிர்ணயமும்

இடது விலாவுக்குக் கீழே கனம் அழுத்துகிறது, இரண்டு வாய் உண்பதற்குள் வயிறு நிரம்பிவிடுகிறது, சோகையும் அயர்ச்சியும் நீங்கவில்லை என்று வருகிறவரின் மண்ணீரல் வீங்கியிருக்கக் கண்டதும், மலேரியா என்றோ ஈரல் கோளாறு என்றோ எண்ணுவது நம் நாட்டில் இயல்பே. ஆனால் அக்காரணங்கள் சோதனையில் ருசுவாகாமல் வீக்கமும் நீடிக்குமானால், பி-செல் லிம்போமா என்னும் இரத்தப் புற்றின் அபூர்வ வகை ஏதேனும் இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தே தீர வேண்டும்.

கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டாமலே, மண்ணீரலையும் எலும்பு மஜ்ஜையையும் இரத்தத்தையும் பற்றிக்கொண்டு இவ்வியாதிகள் மெல்ல வளர்வதே நிர்ணயம் தாமதிப்பதற்கு முக்கிய காரணம். 1958-ல் அமெரிக்காவின் ஓஹாயோவில் பெர்த்தா பூரொங்கிள் என்ற பெண் மருத்துவர் தம் சகாக்களுடன் விவரித்த, இவற்றுள் ஒன்றான ஹேரி செல் லுகீமியாவில், இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தால் செல்லின் ஓரமெங்கும் மெல்லிய மயிரிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மஜ்ஜைக்குள் நாரிழைகள் பின்னிக் கிடப்பதால் ஊசியால் உறிஞ்சினாலும் பல சமயம் ஒன்றும் வராது, எலும்புத் துணுக்கை எடுத்தே ஆராய வேண்டும். இதற்குக் கிளாட்ரிபின் மருந்து ஒரே சுற்றில் பலருக்குப் பல்லாண்டு நிவாரணம் அளிக்கிறது. ஏறக்குறைய அதே தோற்றமுடைய இன்னொரு வகையோ அம்மருந்தை மட்டும் கொடுத்தால் எளிதில் மசிவதில்லை. இரண்டையும் பிரித்தறிய ஃப்ளோ சைட்டோமெட்ரியும் பிராஃப் ஜீன் பரிசோதனையும் துணைபுரிகின்றன.

இவ்வகைகளில் மற்றொன்றான, மண்ணீரலின் மார்ஜினல் ஸோன் லிம்போமாவுடன் ஹெபடைடிஸ் சி கிருமியும் இருந்த சிலருக்கு, கிருமியை ஒழிக்கும் சிகிச்சையினாலேயே புற்றும் தணிந்ததைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்டனர். அக்கிருமிக்கான சாதாரண இரத்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் மண்ணீரலை அகற்றிவிடுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன். அகற்றுவது தவிர்க்க முடியாததானால், இயன்றவரை இரண்டு வாரம் முன்னதாகவே நிமோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்கெதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், பின்னர் ஆயுள் முழுவதும் எந்தக் காய்ச்சலையும் அவசரமாகக் கருதுவதும் அவசியம். இவ்வியாதிகளுக்குத் தரப்படும் ரிடுக்ஸிமாப் மருந்தை ஏற்றுமுன் ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்திருக்க வேண்டும். இல்லையேல் உறங்கிக் கிடந்த அக்கிருமி விழித்து ஈரலைத் தாக்கக்கூடும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இச்சோதனைகள் அடங்கிய மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அவற்றோடு பயாப்ஸி தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, இரத்தப் புற்றில் தேர்ந்த நிபுணர் ஒருவரின் அபிப்பிராயத்தையும் பெறலாம். கட்டணம் பெற்ற மருத்துவமனையில் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆகவே அறுவைக்குக் கையொப்பமிடுமுன், நோயின் வகை எது, எந்தச் சோதனையால் அது நிர்ணயமாயிற்று என்று தயங்காமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள்.