குனிந்தால் ஏன் குரைக்கிறது?

சென்ற மாதம் காட்டுப்பள்ளியில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே எப்போதும் நாலைந்து தெருநாய்கள். அண்ணனின் ஆறு வயது மகன் பந்தை எடுக்கக் குனிந்தானோ இல்லையோ, சும்மா படுத்திருந்த செவலை நாய் எழுந்து பல்லைக் காட்டி உறுமிற்று.

"நான் ஒண்ணுமே செய்யலை அத்தை!" என்று அழுதுகொண்டே ஓடி வந்தான்.

உண்மைதான். ஆனால் நாயின் கணக்கு வேறு. குனிந்த ஆள் நிமிர்ந்தால் கல் வரும் என்று அடி வாங்கி வாங்கிப் பழகிய நாய் அது. யோசித்துச் செய்வதல்ல, தானாக வருவது. கைக்குழந்தையின் அழுகுரல் கேட்டதுமே தாய்க்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடுகிறதே, அந்த மாதிரி. பழக்கத்தால் வரும் அனிச்சைச் செயல் என்று இதற்குப் பெயர். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்களின் எச்சிலைச் சொட்டுச் சொட்டாக அளந்து இதை ஆராய்ந்தவர்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நாயின் ஒரு பக்கத்துத் தோலைத் தொட்டதும் உணவு கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு மறுபக்கத்தில் அதே இடத்தைத் தொட்டார்கள். யாரும் பழக்காமலே அங்கேயும் எச்சில் ஊறிற்று! உடம்பின் இடப்பக்கச் செய்தி மூளையின் வலப் பாதிக்கும், வலப்பக்கச் செய்தி இடப் பாதிக்கும் போகிறது. இரண்டு பாதிகளையும் கோடிக்கணக்கான நரம்பு இழைகள் பாலம்போல் இணைக்கின்றன. 1924-ல் பாவ்லவின் உதவியாளர் பீக்கவ், சில நாய்களுக்கு அந்தப் பாலத்தை வெட்டிப் பார்த்தார். (பாவம், அந்த ஜீவன்கள்!) அதன்பின் ஒரு பக்கம் கற்றது மறுபக்கத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே பழக்க வேண்டியிருந்தது.

நம் தெருநாய்க்குப் பாலம் பத்திரமாக இருக்கிறது. இடது விலாவில் கல் பட்டிருந்தாலும், வலப்பக்கம் கை நீட்டுகிற குழந்தையிடமும் அது மிரளலாம்.

"வாலை ஆட்டுதே, அப்புறம் என்ன?" என்பாள் அண்ணி. அதை நம்பக்கூடாது. 2007-ல் இத்தாலியில் 30 வளர்ப்பு நாய்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எஜமானரைக் கண்டபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம். நட்பிலும் ஆடுகிறது, கலக்கத்திலும் ஆடுகிறது. வித்தியாசம் நம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது.

ஆகவே பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நாய் பக்கத்தில் இருந்தால் குனியாதே, ஓடாதே, கண்ணுக்குக் கண் பார்க்காதே. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரம் மாதிரி நில்.

அண்ணிக்குச் சொன்னது வேறு. கடியோ நகக்கீறலோ பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அடுத்தடுத்த ஊசிகளையும் சொன்ன தேதியில் தவறாமல் போட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் போய்விட்டது, இப்போது கையில்தான்.

மறுநாள் அதே செவலை எதிரே வந்தது. பையன் மரமாக நின்றான். முகர்ந்து பார்த்துவிட்டு அது தன் வழியே போயிற்று.

"வால் எந்தப் பக்கம் ஆடிச்சு?" என்று கேட்டேன்.

"மரம் எப்படி அத்தை பார்க்கும்?" என்றான்.