பாலம் அறுந்தால் பூஜ்யம்!

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு.

தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரெயிலைப் பயணிகளோடு அலை விழுங்கியது.

பாம்பன் பாலமும் தப்பவில்லை. தூண்கள் நின்றன. மேலே இருந்த இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்துவிட்டன.

1914-ல் திறந்த ரெயில் பாலம் அது. படகை விட்டால் ராமேசுவரம் தீவுக்கு அது ஒன்றுதான் வழி. ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் அக்கரையில். மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் இக்கரையில். நடுவே கடல்.

இளம் என்ஜினீயர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சீர்படுத்தினார். பிற்காலத்தில் டில்லி மெட்ரோ ரெயிலைக் கொண்டுவந்தவர் அவரே.

ஓர் இணைப்பு எவ்வளவு பலமானது? அதை ஓர் எண்ணால் சொல்ல முடியுமா?

முடியும்! அதைச் சொல்லும் கணிதத்துக்கு "நிறமாலைக் கோட்டுருவியல்" என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். டாக்டர் பட்டத்துக்காக ஆண்டுக் கணக்கில் இதில் மூழ்கிக் கிடப்பவர்களும், முதலில் போடுவது புள்ளியும் கோடும்தான்.

ஆறு புள்ளிகள்

ஊருக்கு ஒரு புள்ளி. பாதைக்கு ஒரு கோடு. இதுதான் "கோட்டுரு".

தீவில் மூன்று புள்ளி. கரையில் மூன்று புள்ளி. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். (நிஜப் பாதைகள் அப்படி இல்லை. கணக்குக்காக அப்படி வைத்துக்கொள்ளலாம்.) ஒரு முக்கோணத்தில் இருந்து மற்றதற்கு ஒரே ஒரு கோடு. அதுதான் பாலம்.

இனி, ஆறுக்கு ஆறு கட்டம் போட வேண்டும். குறுக்கே ஆறு ஊர். நெடுக்கே அதே ஆறு ஊர். ஓர் ஊர் தன்னையே சந்திக்கும் கட்டத்தில், அங்கே வந்து சேரும் கோடுகள் எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டு ஊருக்கு நடுவே ஒரு கோடு இருந்தால் "கழித்தல் 1". இரண்டு கோடு இருந்தால் "கழித்தல் 2". கோடே இல்லை என்றால் பூஜ்யம்.

இந்தக் கட்டத்தில் இருந்து ஆறு எண்களைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். சூரிய ஒளி முப்பட்டைக் கண்ணாடியில் பட்டு ஏழு நிறமாகப் பிரிகிறது அல்லவா? அதுபோல இந்த வலை ஆறு எண்களாகப் பிரிகிறது. "நிறமாலை" என்ற பெயர் அதனால்தான்.

ஆறில் மிகச் சிறிய எண் எப்போதும் பூஜ்யம். அதனால் பயன் இல்லை. அதற்கு அடுத்த எண்தான் கதாநாயகன்!

ஒரு பாலம் இருந்தால் அந்த எண் சுமார் 0.44.

பாலம் அறுந்தால்? பூஜ்யம்!

பழைய பாலத்தை ஒட்டியே இன்னொரு பாலம் கட்டினால் சுமார் 0.63. அந்த இரண்டாவது பாலத்தையே வேறு இரண்டு ஊர்களுக்கு நடுவே கட்டினால் 1. செலவு ஒன்றுதான். பலம் வேறு!

பாம்பனில் 1988-ல் சாலைப் பாலம் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரெயில் பாலம் திறந்தார்கள். இரண்டும் பழைய பாலத்தின் பக்கத்திலேயேதான். வேறு என்ன செய்ய? கடல் அங்கேதான் குறுகல்.

அந்த இரண்டாவது எண்ணின் அருமையை 1973-ல் எடுத்துக் காட்டியவர், பிராக் நகரத்துக் கணித அறிஞர் மிரோஸ்லாவ் பீட்லர்.

கும்பகோணத்துப் பெயர்

கோடுகள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் எங்கே வெட்டினாலும் வலை எளிதில் துண்டாகக் கூடாது. கம்ப்யூட்டர்களை இணைப்பவர்களுக்கு இப்படி ஒரு வலை வேண்டும்.

மிகச் சிறந்த வலைகளை 1988-ல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் என்ற மூவர் அமைத்துக் காட்டினார்கள். ரஷிய அறிஞர் மார்குலிசும் தனியாகக் கண்டுபிடித்தார். அந்த வலைகளுக்கு என்ன பெயர் தெரியுமா?

"ராமானுஜம் கோட்டுரு!"

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜம் 1916-ல் ஓர் ஊகத்தை எழுதி வைத்தார். 1920-ல் அவர் மறைந்தபோது அது நிரூபிக்கப்படாமலே இருந்தது. 1974-ல்தான் பெல்ஜியம் நாட்டு தெலீன் நிரூபித்தார். அந்த ஊகத்தின் வழியில் வந்தவையே இந்த வலைகள்.

இதை வைத்து ஒரு பந்தயமும் நடந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை கோடு என்று வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கோடு போட்டால் ராமானுஜம் வலை கிடைக்குமா? "அநேகமாகக் கிடைக்காது" என்றார் சார்னக். "அநேகமாகக் கிடைத்துவிடும்" என்றார் நோகா அலோன். 1980-களின் இறுதியில் போட்ட பந்தயம் இது. 2024 கடைசியில் ஹுவாங், மெக்கென்சி, யாவ் என்ற மூவர் விடை சொன்னார்கள். பெரிய வலைகளில் நூற்றுக்குச் சுமார் 69 கிடைக்கும்!

பந்தயம் கட்டிய இருவருக்கும் தோல்வி.

75 ரூபாய்

புள்ளியும் கோடும் போட்டால் சோறு கிடைக்குமா? ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

ராமானுஜத்துக்கும் அந்தக் கவலை இருந்தது. கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். 1913-ல் சென்னை சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சிக்காக மாதம் 75 ரூபாய் கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு!

அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று நினைத்துப் பணம் கொடுத்தவர், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூர்க்காரர். அவர்தான் வள்ளல் அழகப்ப செட்டியார். 1950-ல் சென்னையில் ராமானுஜம் கணித ஆராய்ச்சிக்கூடம் உருவாயிற்று.

1957-ல் அழகப்பர் மறைந்தார். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பணமுடை. மூடிவிடும் நிலை. வான இயல் அறிஞர் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டில் சென்னை சர்வகலாசாலை அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் சேப்பாக்கத்தில் அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள்.

சென்னை தூரம் என்றால், காரைக்குடியில் அழகப்பர் பெயரிலேயே சர்வகலாசாலை இருக்கிறது. அங்கும் கணிதத்தில் டாக்டர் பட்டம் உண்டு. ராமேசுவரத்தில் ரெயில் ஏறினால், பாம்பன் பாலத்தைக் கடந்து, ராமநாதபுரம், மானாமதுரை வழியாகக் காரைக்குடியில் இறங்கலாம்.