அக்டோபர் 31 = டிசம்பர் 25!

கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு ஹாலோவீன் பண்டிகை எது, கிறிஸ்துமஸ் எது என்பதில் எப்போதும் குழப்பமாம். ஏன்? அக்டோபர் 31-ம் டிசம்பர் 25-ம் அவருக்குச் சமமாம்! மேலைநாட்டுக் கணித மாணவர்களிடையே வழங்கும் பழைய வேடிக்கை இது. வேடிக்கைதான், ஆனால் கணக்கில் பிழையில்லை.

ஆங்கிலத்தில் அக்டோபரை ஓ, சி, டி என்னும் மூன்று எழுத்துகளால் சுருக்கி எழுதுவர். 'ஆக்டல்' எனப்படும் எண்ம முறைக்கும் அதே சுருக்கம். டிசம்பருக்கும் 'டெசிமல்' என்னும் பதின்ம முறைக்கும் டி, இ, சி பொது. இனி 31-ஐ எண்ம முறையில் படியுங்கள். நாம் அன்றாடம் எழுதும் முறையில் அது மூன்று பத்தும் ஓர் ஒன்றும். எண்ம முறையிலோ மூன்று எட்டும் ஓர் ஒன்றும். அதாவது, 3 × 8 + 1 = 25.

முந்தின நாளையும் சோதித்துப் பாருங்கள். அக்டோபர் 30 டிசம்பர் 24 ஆகிவிடுகிறது! ஆனால் அக்டோபர் 29-க்கு டிசம்பரில் இணை கிடையாது. எண்ம முறையில் 0 முதல் 7 வரை எட்டே இலக்கங்கள். 8, 9 என்ற குறிகளுக்கு அங்கே இடமில்லை. ஆகவே 8, 9, 18, 19, 28, 29 ஆகிய ஆறு தேதிகளும் துணையின்றி நிற்கின்றன.

இருபத்தைந்து மாம்பழங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினாலும், எட்டெட்டாக அடுக்கினாலும் பழம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எழுதும் குறிதான் மாறுகிறது. எண் வேறு, குறி வேறு என்பதை வகுப்பில் அரைமணி விளக்குவதைவிட இந்த வேடிக்கையைச் சொல்லிவிடுவது மேல் என்பது என் அனுபவம்.

சுருக்கங்கள் ஒத்திருப்பது தற்செயலா? இல்லை. இலத்தீனில் 'ஆக்டோ' என்றால் எட்டு. 'டெகெம்' என்றால் பத்து. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அக்டோபர் எட்டாம் மாதம், டிசம்பர் பத்தாம் மாதம். பின்னர் ஆண்டுத் தொடக்கம் ஜனவரிக்கு மாறியது, பெயர்கள் மாறவில்லை. பண்டிகைத் தேதிகள் கணக்கோடு பொருந்தியதுதான் தற்செயல். (தமிழில் ஐப்பசி, மார்கழி என்று மாற்றினால் வேடிக்கை உயிரை விட்டுவிடும்!)

எண்ம முறை வெறும் விளையாட்டுமல்ல. கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரும இலக்கங்களே. மூன்று இரும இலக்கங்கள் சேர்ந்தால் ஓர் எண்ம இலக்கம். 1965-ல் வெளிவந்த பி.டி.பி.-8 கணிப்பொறி, தகவலைப் பன்னிரண்டு இரும இலக்கங்கள் கொண்ட தொகுதிகளாகக் கையாண்டது. ஒவ்வொரு தொகுதியையும் நான்கே எண்ம இலக்கங்களில் எழுதிவிடலாம். நம் 25-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இரும முறையில் அது 11001. வலப்புறத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 11, 001. முதற் பகுதி 3, அடுத்தது 1.