பின்னணி நகர்ந்தால் பதில் மாறும்

ஓடும் ரயிலின் ஜன்னலில் மரம், கம்பம், வரப்பு எல்லாமே பின்னோக்கி விரைகின்றன. ஆனாலும் வயலில் ஓடும் ஒற்றை நாய் சட்டென்று கண்ணில் பட்டுவிடுகிறது. இத்தனை ஓட்டத்தில் அதை மட்டும் மூளை எப்படிப் பொறுக்கி எடுக்கிறது?

பதிலின் முக்கியமான பகுதி தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்கிடமிருந்து கிடைத்தது. அதுவரை பாடப்புத்தகங்கள் தந்த சித்திரம் எளிமையானது. ஒவ்வொரு பார்வை நியூரானுக்கும் காட்சியில் ஒரு சிறு துண்டு சொந்தம், பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அதற்குள் ஏதாவது நகர்ந்தால் துடிக்கும். வெளியே நடப்பது அதன் கவலையல்ல.

1985இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் ஆல்மனும் சகாக்களும் இந்தச் சித்திரத்தைக் கலைத்தார்கள். எம்.டி. என்பது அசைவைக் கவனிப்பதற்கென்றே மூளையில் உள்ள பகுதி. அங்குள்ள நியூரான்களைப் பதிவு செய்தபடி, பட்டாவுக்கு வெளியேயும் புள்ளிகளை நகரவிட்டார்கள். வெளிப்புள்ளிகள் மட்டும் நகர்ந்தபோது நியூரான் மௌனம். உள்ளேயும் வெளியேயும் ஒரே திசையில் நகர்ந்தால் துடிப்பு சரிந்தது. பின்னணி எதிர்த்திசையில் போனபோதோ, பல நியூரான்கள் முன்னைவிட அதிகமாகத் துடித்தன.

இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. காட்சி முழுவதும் ஒன்றாக நகர்ந்தால் பெரும்பாலும் நகர்வது நாம்தான், அது செய்தியல்ல. கூட்டத்தோடு சேராமல் நகர்வதுதான் செய்தி. அது இரையாகவும் இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம்.

மனிதர்களுக்கு வருவோம். தெளிவான கோடுகள் கொண்ட படம் பெரிதாக இருந்தால் அது நகரும் திசையைச் சொல்வது எளிதாகாமல் கடினமாகிறது என்று துயே டாடின் குழு 2003இல் காட்டியது. இந்த அடக்குமுறையின் விளைவுதான் அது என்பது அவர்கள் கணிப்பு. 2005இல் கனடாவில் செய்த சோதனையிலோ, இத்தகைய பெரிய படங்களில் முதியவர்கள் இளைஞர்களை முந்தினார்கள்! மகிழ்வதற்கில்லை. வயதில் அடக்குமுறை தளர்ந்துபோவதன் அறிகுறி அது. நகரும் பின்னணியிலிருந்து நகரும் பொருளைப் பிரித்தறிவதில் முதியவர்கள் பின்தங்குவதை டாடின் குழுவே 2019இல் காட்டியது. நெரிசலான சாலையைக் கடக்கும் தாத்தாவுக்குத் தேவைப்படுவது இதே திறன்தான். கண் டாக்டரின் எழுத்துப் பலகையோ அசையாமல் தொங்குகிறது; இந்தக் குறையை அது காட்டப்போவதில்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அதே ஆய்வில் முதியவர்களுக்குப் பயிற்சி அளித்தபோது பிரித்தறியும் திறன் மேம்பட்டது. கூடவே, தளர்ந்திருந்த அடக்குமுறையும் வலுப்பட்டது.