அடைக்கு ஆகுமா இந்தக் கொடி?

மழை விட்ட மறுவாரம் எங்கள் வேலியில் ஒரு கொடி தானாக ஏறியிருந்தது. “முசுமுசுக்கைதான், சளிக்கு நல்லது, அடைக்கு அரைச்சுடு” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அரிசியும் பருப்பும் ஊறப்போட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்தவர் சமையலறையில் பெயர் ஒட்டாத டப்பாக்களிடையே காபிப்பொடி தேடுகிறவர் முதலில் அலமாரியைப் பார்ப்பார். பிறகு மூடியைத் திறப்பார், விரலிடுக்கில் தேய்ப்பார். நாக்கில் வைப்பது கடைசி. கொடிக்கும் இதே வரிசைதான். ஆனால் இங்கே நாக்குக்கு வேலையே கிடையாது.

அலமாரியைக் காட்டுவது பற்றுக்கம்பி. வெள்ளரிக் குடும்பத்தில் அது இலைக்காம்பின் பக்கவாட்டிலிருந்து கிளம்பும். பிரண்டையில் இலைக்கு நேர் எதிரே இருக்கும். முடக்கத்தானில் பூங்காம்பிலேயே இருக்கும். சிறுபூனைக்காலியில் இலைக்கக்கத்தில் இருக்கும். எங்கள் கொடியில் பக்கவாட்டில் இருந்தது. அலமாரி கிடைத்துவிட்டது.

அந்தக் கம்பி சுருளும் விதத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. இளம் கம்பி நீண்டு, காற்றில் மெல்ல வட்டமடித்துத் துழாவும். குச்சி தட்டுப்பட்டதும் நுனி அதைச் சுற்றிக்கொள்ளும். பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டு தண்டைக் குச்சிப்பக்கம் இழுக்கும். வெள்ளரித் தோலை நீளமாகச் சீவித் தட்டில் போட்டு வையுங்கள். சதைப்பக்கம் காய்ந்து சுருங்கும், தோல்பக்கம் அவ்வளவு சுருங்காது, அதனால் துண்டு உட்புறமாக வளையும். கம்பிக்குள்ளும் இரண்டு செல் தடிமனில் ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. அதன் ஒருபக்கம் அதிகம் சுருங்குகிறது. 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெள்ளரிக் கம்பியிலிருந்து அந்தப் பட்டையைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். காயவைத்தால் இறுகியது, நனைத்தால் தளர்ந்தது.

சுருளின் நடுவே ஒரு திருப்பமும் உண்டு. பாதி வலப்பக்கமாகவும் மீதி இடப்பக்கமாகவும் சுற்றியிருக்கும். ஈரத்துணியின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் கரண்டிக்காம்பைச் செருகித் திருகினால் இரு பாதியும் எதிரெதிராக முறுக்கேறும் அல்லவா, அதே கணக்குத்தான். 1865இல் டார்வின் இதை விளக்கி எழுதினார். அவரை இந்தப் பக்கம் திருப்பியது 1858இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே எழுதிய ஒரு சிறு குறிப்பு. ஆனால் இந்தத் திருப்பத்தை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்யக்கூடாது, சிறுபூனைக்காலியிலும் அது உண்டு.

இனி மூடியைத் திறக்கலாம். வெள்ளரிக் குடும்பத்தில் முசுமுசுக்கையோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேலிக்கொடிகள் கோவையும் ஐவிரலியும். கோவைக்கும் முசுமுசுக்கைக்கும் பெரும்பாலும் ஒற்றைக் கம்பி, ஐவிரலிக்கு இரண்டாகப் பிரிந்த கம்பி. அடுத்து விரல். முசுமுசுக்கையின் தண்டைத் தடவினால்கூட ரவையைத் தேய்த்தது போல் சுரசுரக்கும். ஐவிரலிக்கு இலையின் மேற்புறத்தில் மட்டும் சுரசுரப்பு. கோவை வழவழப்பு. இலை வடிவத்தை நம்பாதீர்கள், கோவையே சில சமயம் ஐந்தாகப் பிளந்து நிற்கும்.

பூவில் கோவை தனித்துத் தெரியும்: பெரிய வெள்ளைப் பூ. மற்ற இரண்டிலும் பூ சிறியது, மஞ்சள் சாயலில் இருக்கும். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. வருஷக்கணக்கில் பூத்தும் காய்க்காத கோவையைத் திட்டாதீர்கள், அது ஆணாக இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது பழம். கோவைக்காய் நீளமானது. பச்சையில் இருக்கும் வெள்ளைக்கோடு, பழுத்துச் சிவந்ததும் மறைந்துவிடும். ஐவிரலி கோலிக்குண்டு போல உருண்டை, சிவந்த பிறகும் கோடு போகாது. முசுமுசுக்கை அதைவிடச் சின்னது, கோடில்லாத சிவப்பு. லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த பெயரில் மதராசப்பட்டினம் இருக்கிறது.

நாக்கை ஏன் விலக்கினேன்? இந்தக் குடும்பத்தின் காட்டுக்கொடிகளில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. சமைக்கிற சுரைக்காயே நாக்கில் கசந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐவிரலிப் பழமும் நச்சுப் பழமே.

எங்கள் வேலிக் கொடியின் கம்பி இரண்டாகப் பிரிந்திருந்தது. இலைகளை விலக்கிப் பார்த்தால் ஒரே ஒரு சிவப்பு உருண்டை, அதன்மேல் வெள்ளைக்கோடு. அன்றைக்கு முருங்கைக்கீரை அடை.