அண்ணன் பாடிய இரதி

தமிழிலே இரங்கற் பாட்டுகளுக்குக் குறைவில்லை. புரவலன் மறைந்தால் புலவன் பாடுவதும், கணவனை இழந்தவள் தனித்து அரற்றுவதும் கையறுநிலை, முதுபாலை எனத் துறைப்பெயர் பெற்றுள்ளன. உடன்பிறந்தானுக்காக அழும் ஆண்மகன் குரலைத் தேடினாலோ, கம்பனிடம் போக வேண்டியிருக்கிறது. இந்திரசித்தின் படையால் இலக்குவன் வீழ்ந்தபோது இராமன் புலம்புகிறான். கும்பகருணன் மாண்டான் எனக் கேட்டு இராவணன் கலங்குகிறான். பகைவர் இருவரையும் ஒரே துயரிலே நிறுத்திய கவியுள்ளத்தை மாணவர்க்கு எடுத்துச் சொல்லும்போதெல்லாம் என் மனம் அட்டன் மலைப்புறத்துத் தோட்டம் ஒன்றின் காமன் பொட்டலுக்குப் போய்விடும். ஆண் ஒருவன் வாய்விட்டு அழுவதை நான் முதன்முதல் கேட்டது அங்கேதான். அழுதவர் என் அண்ணன், அழுதது மன்மதனுக்காக.

மாசி மாதத்திலே காமன் கம்பம் நட்டுக் கூத்தாடும் வழக்கம், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து எம் முன்னோர் மலைநாட்டுக்குக் கொணர்ந்த முதுசொம். சிவன் எரித்த மன்மதனை நினைந்து இரதி புலம்பும் கட்டமே அதன் உயிர். அண்ணன் பதினெட்டு வயது முதல் இரதி வேடம் பூண்டார். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தழும்பேறிய கைகளிலே வளையல் அணிந்து, தப்பின் ஒலி தாழ்ந்த வேளையில் அவர் குரலெடுத்தால், லயத்துப் பெண்கள் தத்தம் வீட்டு இழவையெல்லாம் நினைந்து விம்முவார்கள். அவர் இசை பயின்றவர் அல்லர். ஏட்டுக்கல்வியும் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் வகுப்போடு சரி.

அவர் பிறந்தது 1964இல். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எம்மவரை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்ட ஆண்டும் அதுவே. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைத் தோட்டத்து மக்கள் மறக்கமாட்டார்கள். மாவும் அரிசியும் அரிதாகி, பட்டினியால் மாண்டவர் பலர். அப்பொழுது பத்து வயதுச் சிறுவராயிருந்த அண்ணன் பசி தெரியாதிருக்கப் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை எடுத்து மெல்லத் தொடங்கினார். பின்னர் அதிலே புகையிலையும் சேர்ந்தது. தந்தையார் நோயிற் படுத்தபோது, “தம்பி, நீ படிடா. பெரட்டுக்கு நான் போறேன்” என்றார். அவ்வளவுதான் அவர் செய்த தியாகப் பிரசங்கம். என் பண்டிதத் தேர்வுக்கான கட்டணமும் அவர் பெயர் போட்டுச் சம்பாதித்த காசுதான். (தோட்டத்திலே ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள், அரை நாளுக்கு அரைப்பேர். ஒருவன் பெயரையே பாதியாக்கும் இச்சொல்லாட்சியை எந்த நிகண்டிலும் நான் கண்டதில்லை.)

வெற்றிலை நமக்கு மங்கலப் பொருள். மதுரை மூதூரிலே கோவலன் உண்ட கடைசி உணவுக்குப்பின் கண்ணகி அவனுக்கு அளித்ததும் வெற்றிலையும் பாக்குமே. பனியும் அட்டையும் நிறைந்த மலைச்சரிவிலோ அது மங்கலம் அன்று; குளிருக்குப் போர்வை, பசிக்குச் சோறு. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இலேயே உறுதிசெய்தது. பாக்கு ஒன்றே அதற்குப் போதும் என 2004இல் உரைத்தது. இலங்கையிலே ஆடவரை மிகுதியாகப் பற்றும் புற்று வாய்ப்புற்றே. இச்செய்திகள் லயத்து வாசலை எட்டவில்லை. கடைத்தெருவிலே வெற்றிலைக் கூறு மட்டும் தவறாமல் எட்டியது.

நோய் முதலில் பாட்டிலேதான் தெரிந்தது. 2009ஆம் ஆண்டு மாசியில், இரதி நெஞ்சில் அறைந்து குரலை உயர்த்தும் இடத்தில் அண்ணனுக்கு வாய் போதிய அளவு திறக்கவில்லை. வயதாகிறது என்றனர் கூத்துக்காரர். பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்தசை நார்போல இறுகித் தாடை அசையாமற் போவதுண்டு என்பதும், அது புற்றுக்கு முன்னோடி என்பதும் பின்னர் வைத்தியர் சொல்லி அறிந்தோம். தோட்டத்து மருந்தகத்தில் பல்வலிக்கு மாத்திரை கொடுத்தே மாதங்கள் கழிந்தன. நாக்கோரத்துப் புண் ஆறவில்லை.

மஹரகம மருத்துவமனைக்கு அட்டனிலிருந்து ஒரு பகல் பயணம். கொழும்புக் கோட்டை வரை இரயில். அப்பால் 138ஆம் இலக்கப் பேருந்து. சத்திரசிகிச்சையும், பின்பு ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. அங்கே வைத்தியமும் இலவசம், படுக்கையும் இலவசம். விழாத பேருக்குத்தான் ஈடில்லை. பக்கத்துக் கட்டிலிலே காலிப் பகுதிச் சிங்கள மீனவர் ஒருவர். அவருக்கும் நாவிலே கத்தி பட்டிருந்தது. இருவருக்கும் பேச்சில்லாமற் போனமையால் மொழி ஒரு தடையாகவே இல்லை. சைகையாலேயே ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வர்.

லயத்திலே அந்நோயின் பெயரை உரக்கச் சொல்லார். ‘அந்த வருத்தம்’ என்பார். புற்று என்பது பாம்புறையும் மண்மேடு. வெளியே அசைவில்லை, உள்ளே வளர்ச்சி ஓய்வதில்லை. நோய்க்கு இப்பெயரிட்டவன் நன்றாகத்தான் பார்த்திருக்கிறான்.

2011 ஐப்பசியில், நாற்பத்தேழாம் வயதில், அண்ணன் மறைந்தார். அக்காள் பாடிய ஒப்பாரியில் அவர் இராசாவானார், தங்கத்தேர் ஏறினார். ஆண்கள் வாசலில் நின்றோம். எனக்கு யாப்பு தெரியும். அன்று ஒரு சீரும் வரவில்லை.

பேச்சிழந்த கடைசி ஆறு மாதத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கிவரச் சொல்லி எழுதிக்காட்டி, நாற்பது பக்கத்தில் இரதி புலம்பல் முழுவதையும் நினைவிலிருந்து எழுதிமுடித்தார். ரகர றகர மயக்கம் பக்கத்துக்குப் பத்து. ‘மன்மதன்’ என்பது ஓரிடத்திலும் ஒருபடியாக இல்லை. பிழை திருத்தியே வயிறு வளர்க்கும் நான் அதில் ஓர் எழுத்திலும் கைவைக்கவில்லை. இப்பொழுது இரதி வேடம் பூணும் இளைஞன் தை பிறந்ததும் வந்து அதைக் கேட்டு வாங்கிப் போவான். காமன் கம்பம் பிடுங்கிய மறுவாரம் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் திருப்பித் தருவான். சென்ற முறை நான்காம் பக்கத்தில் தேநீர்க் கறை ஒன்று இருந்தது.